உஷார்! கொட்டிலைப் பிரிக்க முன் ஒருதரம் யோசியுங்கள்

மட்டக்களப்பு உன்னிச்சைப் பக்கம் "வீட்டுத்திட்டம் வருகுதாம்" என்று ஒரு கதை கிளம்பினால் போதும், இருக்கிற கொட்டிலின் கூரைத்தகரத்தைக் கழற்ற ஆள் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். தவணைக்காசு பாதியில் நிற்கவும் கூடும். நின்றால் உங்களுக்கு வீடும் இல்லை, கொட்டிலும் இல்லை.

நடக்காததைச் சொல்லிப் பயம் காட்டவில்லை. 2018, 2019 இல் தேசிய வீடமைப்பு அதிகார சபை ஊரூராக மாதிரிக் கிராமங்களைத் தொடங்கியது. அத்திவாரம் முடிந்தால் ஒரு தொகை, சுவர் எழும்பினால் இன்னொன்று என்று ஏற்பாடு. 2019 நவம்பரில் ஆட்சி மாறியது, தவணையும் நின்றது. மட்டக்களப்பு மாவட்டத்திலும் கூரையில்லாத சுவர்கள் மழையில் பாசி பிடித்தன. மேசனுக்குக் கொடுக்கக் கைமாற்றாக வாங்கிய காசுக்கு வட்டி மட்டும் நிற்காமல் ஏறியது. 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபா அளவில் விற்ற 50 கிலோ சீமெந்துப் பை, 2022 நடுவில் மூவாயிரத்தைத் தொட்டது. பிறகு மிச்சக்காசு கிடைத்தால்தான் என்ன, அதில் எத்தனை பை வாங்குவது?

எல்லாத் திட்டமும் மோசம் என்றும் சொல்லமுடியாது. இந்திய வீட்டுத்திட்டத்தில் 2012 இலிருந்து வடக்கு, கிழக்கில் ஐந்தரை லட்சம் ரூபா மானியமாக, பயனாளியின் வங்கிக் கணக்குக்கே வந்தது. கட்டியவர்கள் சனங்களே. அதனால்தான் அந்த வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அங்கேயும் "இன்னொரு அறையைக் கூட்டிப் போடுவம்" என்று வீட்டுப் படத்தை மீறியவர்களின் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போனது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சுனாமிக்குப் பிறகு சவூதி உதவியில் எழுந்த 500 வீடுகளின் கதை வேறு. அவை கட்டிமுடிந்தும், யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கில் சிக்கி ஆண்டுக்கணக்காகக் காடு மண்டிக் கிடந்தன.

ஆகவே, கையெழுத்து வைக்க முன் கேளுங்கள்: இது மானியமா, கடனா? எத்தனை தவணை? அனுமதிக் கடிதம் கையில் தருவார்களா? காணிப் பெர்மிட் இன்னும் அப்பாவின் பெயரில் கிடந்தால், அதைச் சரிசெய்யாமல் அத்திவாரம் வெட்டாதீர்கள். "பட்டியலில பேர் போடுறன்" என்று காசு கேட்டு வருகிறவனுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, கிராம சேவகரிடமோ பிரதேச செயலகத்திலோ நேரில் விசாரியுங்கள். அடுத்த தவணை வருமட்டும் நுண்கடன் எடுத்துச் சமாளிக்கலாம் என்று யாரும் சொன்னால் அந்தப் பேச்சையே வெட்டிவிடுங்கள்.

இன்னொன்று, இது யானை நடமாடும் படுவான்கரைப் பக்கத்தாருக்கு மட்டும். வெட்டி அடித்த நெல்மூட்டையைக் கூரை ஏறாத புதுச்சுவருக்குள் அடுக்காதீர்கள். நெல் வாசத்துக்கு யானை வரும். மேலே பீம் போடாத சுவர், யானை ஒருதரம் முட்டினாலே விழுந்துவிடும். உள்ளே பிள்ளைகளைப் படுக்கவைக்கவே வேண்டாம்.