கொசுறுக்கு வழக்காட முடியுமா?



சாமான் வாங்க வருகிறவரின் குழந்தை கையில் ஒரு பிடி பொட்டுக்கடலை கொடுக்கிறோம். விலை ஏறினால் நிறுத்திவிடுகிறோம். "நேற்றுக் கொடுத்தீர்களே" என்று அவர் நம்மீது வழக்குப் போட முடியாது. கொசுறுக்குப் பில் கிடையாது. இணையத்தில் நமக்குக் கிடைக்கும் இலவச இடமும் இப்படிப்பட்ட கொசுறுதான். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

என் தங்கை மகன் வலைப்பூ எழுதி வந்தான். இணையத்தில் நாமே நடத்தும் நாட்குறிப்பு போன்ற பக்கம் அது. காலஞ்சென்ற என் மூத்த அண்ணன் சொல்லச் சொல்ல, வண்டி மாட்டுக் காலத்து மண்டி வியாபாரம், பழைய எடைகள், தரகுப் பேச்சு எல்லாவற்றையும் அதில் எழுதி வைத்தான். இடம் கொடுத்த நிறுவனம் கடையைக் கட்டியது. முன்னறிவிப்பு வந்திருக்கிறது, ஆனால் அவன் திறந்தே பார்க்காத பழைய மின்னஞ்சலுக்கு! "மாமா, எல்லாம் போச்சு" என்று வந்து நின்றான். அண்ணனும் இல்லை, இனி யாரிடம் போய்க் கேட்பது?

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 1994-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜியோசிட்டீஸ், பல லட்சம் பேருக்கு இலவசப் பக்கம் கொடுத்தது. 1999-இல் யாஹூ நிறுவனம் அதை 350 கோடி டாலருக்கு மேல் மதிப்பிட்டு வாங்கியது. அவ்வளவு விலை பெற்ற சரக்கு 2009 அக்டோபர் 26-இல் மூடப்பட்டது. தன்னார்வலர்கள் சிலர் முன்கூட்டியே படியெடுத்ததால் ஒரு பகுதி பிழைத்தது.

வலைப்பூக்களில் புதிதாக வருவதை ஒரே இடத்தில் திரட்டிக் கொடுத்த கூகுள் ரீடர் 2013 ஜூலை 1-இல் நின்றது. வலைப்பூக்கள் இருந்தன, வாசகர் வந்த பாதை அடைபட்டது. கடை திறந்திருக்க, கடைவீதிக்கு வரும் பாலத்தை இடித்த கதை!

நம் போன்ற கடைக்காரர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. கூகுள் தன் வணிகப் பதிவோடு சேர்த்து, சிறு கடைகளுக்கு இலவச இணையப் பக்கம் கொடுத்து வந்தது. 2024 மார்ச்சில் அந்தப் பக்கங்களை நிறுத்தியது. விசிட்டிங் கார்டிலும் பையிலும் அந்த முகவரியை அச்சடித்தவர்களுக்கு அச்சுக் கூலியும் நஷ்டம்.

அந்த நிறுவனங்களைத் திட்டிப் பயனில்லை. அவர்களும் வியாபாரிகளே. விளம்பர வருமானம் கட்டுபடியானால் நடத்துவார்கள், ஆகாவிட்டால் நிறுத்துவார்கள். ஓடாத சரக்கை நாம் மட்டும் எத்தனை நாள் அலமாரியில் வைத்திருப்போம்?

இலவசத்தைத் தொடவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே" என்ற பழமொழியைத்தான் நினைவூட்டுகிறேன்.

முதலாவது, படி எடுத்து வையுங்கள். கூகுள் தரும் பிளாகர் வலைப்பூவில் எழுதியதை மொத்தமாக இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. மாதம் ஒருமுறை இறக்கித் தனியாக ஒரு பென் டிரைவில் வையுங்கள். முக்கியமானதைத் தாளிலும் அச்செடுங்கள்.

இரண்டாவது, ஆண்டுக் கட்டணம் கட்டிச் சொந்தப் பெயரில் இணைய முகவரி வாங்குங்கள். பக்கம் இலவச இடத்தில் இருந்தாலும் பெயர்ப்பலகை உங்களுடையது. இடம் போனால், படியை வேறிடத்தில் ஏற்றிப் பலகையை அங்கே மாட்டலாம். ஆண்டுதோறும் தவறாமல் புதுப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, அந்த மின்னஞ்சலை அவ்வப்போது திறந்து பாருங்கள். இரண்டு ஆண்டு தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை நீக்கும் முறையைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கிவிட்டது.

நான்காவது, வாட்ஸ்அப்பில் மட்டும் இருக்கும் வாடிக்கையாளர் எண்களையும் கடன் நிலுவையையும் இன்றிரவே நோட்டில் ஏற்றுங்கள்.

நம் முன்னோர் சிட்டையில் எழுதியதை அன்றன்றே பேரேட்டிலும் பதிந்தார்கள். ஒன்று கரையான் அரித்தாலும் மற்றொன்று நின்றது. என் அண்ணன் சொன்னதை நாங்கள் ஒரே ஏட்டில் எழுதினோம். அந்த ஏடும் எங்களுடையதாக இல்லை. அந்த நஷ்டம் எங்களோடு போகட்டும்!