கூவத்தின் கருப்புச் சேறு

சென்னை நேப்பியர் பாலத்தருகே கூவம் ஆறு கடலைச் சேரும் இடத்தில் மூக்கைப் பிடித்துக்கொள்ளாதவர் குறைவு. அந்தக் கூமுட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு வாயு. அதை உண்டாக்குபவை அடிச்சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள். அவற்றைக் குற்றவாளியாக்குவது எளிது, நியாயமில்லை. கடலோரச் சேற்றில் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீழே பெரும்பாலும் ஆக்சிஜன் இருக்காது. அங்கே இந்த உயிர்கள் சல்ஃபேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன. ஒரு லிட்டர் கடல்நீரில் அது ஏறக்குறைய 2.7 கிராம் உண்டு. உலகக் கடலோரச் சேற்றில் மக்கும் கரிமப் பொருளில் சுமார் பாதியை மக்க வைப்பவை இவைதாம். இவை வெளிவிடும் சல்பைடு இரும்போடு சேர்ந்தால் சேறு கருக்கும். நல்ல சேற்றில் மிச்சத்தைத் தின்னவும் ஆள் உண்டு. 1887இல் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி ஆராய்ந்த பெக்கியாட்டோவா, சல்பைடை எரித்தே பிழைக்கும் வெண்ணிற இழை. 2012இல் டென்மார்க் ஆய்வாளர்கள் அடையாளம் கண்ட கேபிள் பாக்டீரியா இன்னும் விந்தை: சென்டிமீட்டர் நீளத்துக்குக் கோத்து நின்று, ஆழத்துச் சல்பைடின் எலக்ட்ரான்களை மேலே உள்ள ஆக்சிஜனுக்கு மின்கம்பிபோல் கடத்துகிறது. ஆனால் மேலே ஓடும் நீரிலேயே ஆக்சிஜன் தீர்ந்துவிட்டால் இந்தக் காவலர்களால் என்ன செய்ய முடியும்? கழிவு மிகுந்த கூவத்தில் நடப்பது அதுதான்.

கடல்நீர் எட்டாத மேல்பகுதியில், திருவேற்காட்டுப் பக்கம், ஆறு நாறுவது ஏன் என்று கேட்கலாம். சரியான கேள்வி. சாக்கடையே புரதத்திலும் சலவைத்தூளிலும் கந்தகத்தைக் கொண்டுவருகிறது. அம்பத்தூரோ ஆவடியோ, பாதாளச் சாக்கடைக் குழாய்களுக்குள் நடப்பதும் அதே வேலை. குழாயின் மேற்கூரையில் இன்னொரு வகை பாக்டீரியா அந்த வாயுவைக் கந்தக அமிலமாக்கி கான்கிரீட்டை அரிக்கிறது. நாற்றம் தீர ஆற்றின் முகத்துவார மணல்திட்டை வெட்டினால் போதாதா என்பார்கள். வெட்டினால் ஆக்சிஜன் வரும், உண்மைதான். கூடவே சல்ஃபேட்டும் வரும், அலை மறுபடி மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கும். நகரமும் தன் பங்கை ஆற்றில் சேர்க்கிறது. ஆயினும் இந்தப் பாக்டீரியாக்களுக்கான தீனி வந்து விழத் தொடங்குவது மேற்கே, பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட ஊர்களில். அங்கே சுத்திகரிக்காமல் கொட்டும் ஒவ்வொரு செப்டிக் டேங்க் லாரிக் கழிவும் கீழே சல்பைடுக்கு முதலீடு.

நாற்றத்தை மட்டும் நம்பி ஆபத்தை அளப்பதும் தவறு. காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கை இந்த வாயு எட்டினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. அதைத் தாண்டிச் சில மடங்கானால் உயிர் போகும். போதிய பாதுகாப்புக் கருவியின்றி செப்டிக் டேங்கிலும் மேன்ஹோலிலும் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. உங்கள் வீட்டுத் தொட்டிக்கு லாரியைக் கூப்பிடுங்கள். வாடை இல்லை என்று யாரையும் இறக்கிவிடாதீர்கள்.