ஏக்கர் 1 ரூபாய்க்கு வாங்கிய மலை! ஊட்டி "கல் பங்களா" கலெக்டரின் கதை

அம்பத்தூர், ஆவடி வழியாக ராத்திரியில் பறக்கிறதே நீலகிரி எக்ஸ்பிரஸ், அதில் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போய் ஏரியில் படகு சவாரி செய்தவர்கள் நம்ம பக்கம் ஏராளம்.

ஆனால், அந்த ஏரியை உண்டாக்கியது யார் தெரியுமா? அவர் கட்டிய வீடு இன்னும் ஊட்டியில் நிற்பது தெரியுமா?

அவர்தான் ஜான் சல்லிவன். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் கோயம்புத்தூர் கலெக்டர். அவருடைய வீட்டின் பெயர் "ஸ்டோன் ஹவுஸ்". மலையில் வாழும் படுகர் மக்கள் வைத்த பெயர் "கல் பங்களா".

மலை ஏறிய கலெக்டர்

சல்லிவன் 1788-ல் லண்டனில் பிறந்தவர். சின்ன வயதிலேயே கம்பெனி வேலைக்குக் கப்பல் ஏறிவிட்டார். 1815-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஆனபோது வயது 27தான் இருக்கும்.

1819 ஜனவரியில் ஆட்களோடு நீலகிரி மீது ஏறினார். அப்போது அங்கே ரோடு கிடையாது. காடும் பாறையும்தான். மேலே போனதும் குளிர்காற்று அவருக்குப் பிடித்துப்போயிற்று. கோத்தகிரி பக்கத்தில் கன்னேரிமுக்கு என்ற ஊரில் முதலில் ஒரு பங்களா கட்டினார். அது இன்று சல்லிவன் நினைவகமாக இருக்கிறது.

சிறுமுகையிலிருந்து திம்பட்டி வரை மலைப்பாதை போட்டார்கள். அதில் மண் சுமந்தவர்களில் சிறைக் கைதிகளும் உண்டு. 1823-ல் அந்தப் பாதை முடிந்தது.

எழும்பியது கல் வீடு

கோத்தகிரியோடு துரை நிற்கவில்லை. இன்றைய ஊட்டி இருக்கும் இடத்துக்கு வந்தார். அது தோடர் மக்கள் எருமை மேய்த்த புல்வெளி. அவர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் விலையில் நிலம் வாங்கினார். 1822-ல் கல் பங்களா வேலை தொடங்கியது. ஊட்டியில் எழும்பிய முதல் வெள்ளைக்கார வீடு இதுதான்.

அடுத்து ஏரி! 1823-ல் ஓடையை மறித்துக் கரை போட ஆரம்பித்து, 1825-ல் முடித்தார்கள். படகு விடுவதற்காக அல்ல, பாசனத்துக்குத்தான் அந்த ஏரி.

உருளைக்கிழங்கு, பார்லி என்று பலதையும் மலையில் பயிரிட்டுப் பார்த்தவரும் இவரே. நம்ம மார்க்கெட்டில் "ஊட்டி காய்" என்று கூவி விற்கிறார்களே, அதற்கு அன்றைக்கே பிள்ளையார் சுழி போட்டாயிற்று.

மேலிடத்தோடு மோதல்

ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கியவர்தானே என்று சல்லிவனை ஒதுக்கிவிட முடியாது. "மலை நிலம் தோடர்களுக்குச் சொந்தம், சர்க்கார் எடுத்தால் விலை கொடுக்க வேண்டும்" என்பது அவருடைய கட்சி. இந்தியர்களுக்குப் பெரிய உத்தியோகம் தர வேண்டும் என்றும் வாதாடினார்.

மேலிடத்துக்கு இது ரசிக்கவில்லை. கவர்னர் லஷிங்டனுக்கும் இவருக்கும் ஆகவில்லை. 1830-ல் நீலகிரியின் பெரும்பகுதியைக் கோயம்புத்தூரிலிருந்து பிரித்து, மலபார் ஜில்லாவோடு சேர்த்துவிட்டார்கள். சல்லிவன் உருவாக்கிய ஊர், அவர் பார்த்த கோயம்புத்தூர் ஜில்லாவை விட்டே போயிற்று!

அதைவிடப் பெரிய அடி பிறகு விழுந்தது. 1838-ல் மனைவி ஹென்ரியட்டா இறந்தார். அதே ஆண்டில் மகள் ஹாரியட்டும் போய்விட்டாள். இருவரையும் ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அந்த சர்ச்சை எழுப்பியவர் யார் தெரியுமா? அதே லஷிங்டன்தான்!

1841-ல் சல்லிவன் இந்தியாவை விட்டே கிளம்பினார். 1855-ல் இங்கிலாந்தில் காலமானார். கல்லறையும் அங்கேதான்.

ஏரிக்கு வந்த கதி

சென்னை ராஜதானி சர்க்கார் வெயில் காலத்தில் ஊட்டிக்கு ஜாகை மாற்றியபோது, கல் பங்களா இருக்கும் குன்றில்தான் சர்க்கார் ஆபீஸ்கள் நடந்தன. 1955-ல் அங்கே அரசு கலைக் கல்லூரி வந்தது. இருநூறு வருஷம் தாண்டியும் வீடு நிற்கிறது.

ஏரிதான் பாவம்! அன்றைக்கு இருந்த அளவு இன்று இல்லை. பஸ் ஸ்டாண்டும் ரேஸ்கோர்ஸும் இருக்கும் இடமெல்லாம் ஒரு காலத்தில் ஏரித் தண்ணீர் நின்ற இடம். இப்போது மிச்சம் சுமார் 65 ஏக்கர். போதாததற்கு, கோடப்பமந்து கால்வாய் வழியாக ஊர்ச் சாக்கடையும் அதில் வந்து சேருகிறது.

அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுமா? கரையோரம் வீடு ஏறுவதும், கழிவுநீர் இறங்குவதும் தினம் கண்ணால் பார்க்கிற சங்கதிதானே! ஒரு கலெக்டர் இரண்டு வருஷத்தில் உண்டாக்கிய ஏரியைக் காப்பாற்ற, இத்தனை ஆபீஸ்கள் இருந்தும் இன்னும் முட்டி மோதிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த தடவை ஊட்டி போனால், படகுத் துறையோடு திரும்பிவிடாதீர்கள். கல் பங்களாவையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். அது கல்லூரி வளாகம், அதனால் அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போங்கள். அப்படியே செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சுக்கும் போனால், தாயும் மகளும் தூங்கும் இடத்தைப் பார்க்கலாம்.