பெயர்த்தெடுத்த பந்தயப் பாதைகள்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக றிவர்ஸ்டன் மலைக்கு ஏறும் வீதியை அறியாதார் நம் மாவட்டத்தில் வெகு சிலரே. வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்துச் செல்லவேண்டிய அவ்வீதியைக் கணினியில் அமைத்து, அதன்மீது மோட்டார் ஓட்டலாம் என்றால் நம் முதியோர் நகைப்பர். ஆயினும் அது இயலாத காரியமன்று. செய்மதிப் படங்களையும் நிலத்தின் உயர அளவுகளையும் துணைக்கொண்டு, ப்ளெண்டர் என்னும் இலவச மென்பொருளால் இத்தகைய பாதைகளை ஆக்குவோர் உலகெங்கும் உளர். ஒரு பாதைக்கு மாதக்கணக்கில் உழைத்து, ஒரு சதமும் பெறாது பிறர்க்கு வழங்கிவிடுகின்றனர்!

1998இல் வெளிவந்த ‘கிராண்ட் பிரீ லெஜெண்ட்ஸ்’ என்னும் விளையாட்டில் 11 பாதைகளே இருந்தன. அன்பர்கள் பின்னர் ஆக்கிச் சேர்த்தவையோ நூற்றுக்கணக்கானவை. அந்தப் பதினொன்றுள் ஒன்றாகிய பிரான்சு தேசத்து ரூவன் பாதையில், 1994க்குப் பின் பந்தயம் நிகழவில்லை; அதன் மேடைகள் 1999இல் இடிக்கப்பட்டன. பிற்கால விளையாட்டுகள் சிலவற்றில் இன்றும் அதில் வண்டி ஓட்ட இயல்வது அன்பர்களின் கைவண்ணத்தால்.

ஒரு விளையாட்டுக்கு ஆக்கிய பாதை இன்னொன்றில் அப்படியே ஓடிவிடாது. 2005இல் வந்த ‘ஆர்ஃபாக்டர்’ விளையாட்டின் பாதையை 2014இல் வந்த ‘அசெட்டோ கோர்சா’வுக்குக் கொண்டுசெல்வதாயின், மேடு பள்ளங்களின் வடிவையும் அவற்றின் மேல் ஒட்டிய படங்களையும் பெயர்த்தெடுக்கலாம். தாரும் புல்லும் மணலும் சக்கரத்துக்கு எவ்வளவு பிடிப்புத் தரும் என்னும் கணக்கையும், கணினி தானே ஓட்டும் வண்டிகளுக்குரிய தடத்தையும் புதிதாகவே வகுக்கவேண்டும். ஏறத்தாழ நூலொன்றை மொழிபெயர்ப்பதை ஒத்த வேலை இது.

மொழிபெயர்ப்பாளன் மூல ஆசிரியனை மறக்கலாமா? இங்கேதான் வழக்குப் பிறக்கின்றது. பெயர்த்தெடுப்போர் சிலர் முதலில் ஆக்கியவன் பெயரை நீக்கிவிட்டுத் தம் பெயரைப் பொறிக்கின்றனர். சிலர் விலையும் கூறுகின்றனர். (மாணவர் கட்டுரைகளைத் திருத்தும் நமக்கு இவ்வித்தை புதிதன்று.) இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைப்போடு தன் பெயர் விளங்கவேண்டும் எனக் கோரும் உரிமையைப் படைப்பாளிக்கு அளிக்கின்றது. படைப்பை உருமாற்றவும் அவன் இசைவு வேண்டும்.

நிறுவனங்கள் லேசர்க் கதிரால் அளந்து, பெரும்பொருள் செலவிட்டு ஆக்கிய பாதையை உருவியெடுத்து, ‘அன்பர் படைப்பு’ எனச் சூடுவதைப் பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை. அது களவு.

கடினமான வினா வேறு. விளையாட்டு வழக்கொழிந்தது, ஆக்கியவன் எங்குளான் என்று தெரியவில்லை, கடிதத்துக்கு மறுமொழியும் இல்லை. அப்பாதை அழியட்டும் என விடுவதா? வாய்மொழியாக வந்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் ஏறியது நம் அலுவிகாரையில் என்பர். உரு மாறியதால் நிலைத்தவை உலகில் பல. உரிமை அற்றுப்போயிற்று என்று நாம் சொல்லோம். ஆயினும் முதல்வன் பெயரை முன்னிட்டு, விலை கொள்ளாது, அவன் வந்து மறுத்தால் அக்கணமே நீக்குவதாக உறுதி கூறிக் காப்பதை நாம் குறை கூறமாட்டோம். சட்டம் அறிந்தோர் இதனை ஏற்காதிருக்கலாம்.

பாதையுடன் வழக்கமாகச் சிறு குறிப்புக் கோப்பொன்றும் வரும். ஆக்கியோன் பெயரும் நிபந்தனைகளும் அதிலேயே இருக்கும். ‘வேறு விளையாட்டுக்கு மாற்றற்க’ என்று எழுதியோரும் உண்டு. ‘பெயரைக் குறிப்பிட்டால் போதும்’ என்று விட்டோரும் உண்டு. பிள்ளைகள் பெரும்பாலும் அதனைத் திறந்தே பார்ப்பதில்லை. வீட்டிலுள்ள பெரியோர் ஒருமுறை திறக்கச் சொல்லி உடனிருந்து படிக்கலாம். ஐந்து நிமிடம்கூட ஆகாது.