சில்லைப் பிடித்திருக்கும் றப்பர்: கடினமான புஷ்தான் நல்ல புஷ்ஷா?

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் நாட்டில் ஓடிய ஒவ்வொரு காருக்கும் ஐந்து வயது கூடிவிட்டது. கதவு திறந்த பிறகும், வரிகளைச் சேர்த்துப் பார்த்தால் புதிய கார் என்பது வடக்கு, கிழக்கின் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாத பொருள்தான். இருப்பதைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

திருத்தி ஓட்டுவது எங்களுக்குப் புதிய விடயம் அல்ல. 1990களின் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் சில துளி பெற்றோலில் இயங்கத் தொடங்கி, மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளர்களையும் கர்ப்பிணிகளையும் இடம்பெயர்ந்தவர்களையும் ஏற்றிச் சென்றன. அந்தக் காலம் எங்களுக்கு ஒரு திறமையைத் தந்தது. கூடவே, எதையாவது வைத்துச் சமாளிக்கலாம் என்ற ஒரு பழக்கத்தையும் தந்தது.

இயந்திரத்தில் அந்தப் பழக்கம் பெரும்பாலும் கைகொடுக்கும். சமாளித்தது பிழைத்தால் கார் வீதியோரம் நிற்கும், அவ்வளவுதான். ஆனால் சில்லைக் காரோடு பிணைத்து வைத்திருக்கும் பாகத்தில் பிழைத்தால் கார் நிற்காது, வீதியை விட்டு விலகும். இந்தக் கட்டுரை அந்தப் பாகங்களைப் பற்றியது: கொன்ட்ரோல் ஆர்மும் அதற்குள் இருக்கும் புஷ்ஷும்.

இவற்றை மாற்றும் நேரத்தில் இரண்டு பக்கமிருந்து இழுப்பு வருகிறது. ஒரு பக்கம், "இதை வெல்ட் பண்ணி ஓட்டலாம்" என்ற ஆலோசனை. மறுபக்கம், யூரியூப் காணொளிகளில் ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் போடும் பொலியுரிதேன் புஷ். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் உறவினரிடம் சொன்னால் பொதியில் வந்துவிடும். இரண்டில் எதற்குச் சம்மதிப்பதற்கு முன்பும், இந்தப் பாகங்கள் என்ன வேலை செய்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஆர்மும் புஷ்ஷும் செய்யும் வேலை

சில்லு ஒரு கிடங்கில் விழும்போது மேலும் கீழும் அசைய வேண்டும். ஆனால் முன்னுக்கோ பின்னுக்கோ பக்கவாட்டிலோ நகரக்கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாகச் சாதிப்பது ஆர்ம். அதன் உள்முனை கார் உடலோடு புஷ் மூலம் பொருத்தப்பட்டிருக்கும். வெளிமுனையில் போல் ஜொயின்ட் இருக்கும். ஸ்ரியறிங்கைத் திருப்பும்போது சில்லு திரும்புவது அந்தப் போல் ஜொயின்ட்டில்தான்.

ரொயோட்டா கொறோலா போன்ற சாதாரண கார்களின் முன்சில்லுக்குக் கீழ் ஆர்ம் மட்டுமே உண்டு. மேல் பகுதியை ஷொக் அப்சோபர் தாங்கும். ஹயஸ் வானின் முன்சில்லுக்கு மேலும் கீழும் இரண்டு ஆர்ம்கள். மஸ்டா எம்எக்ஸ்-5இன் முதல் மொடல் போன்ற ஸ்போர்ட்ஸ் காரில் நான்கு சில்லுகளுக்குமே இந்த இரட்டை ஆர்ம் அமைப்பு இருக்கிறது. வளைவில் கார் சாயும்போதும் ரயர் வீதியில் சரியாகப் படிந்திருக்க இது உதவுகிறது.

றப்பர் புஷ் வெளியே ஒரு இரும்பு வளையம், உள்ளே ஒரு இரும்புக் குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டவைக்கப்பட்ட றப்பர் என்று அமைந்தது. ஆர்ம் அசையும்போது அங்கே எதுவும் வழுக்கிச் சுழல்வதில்லை. றப்பரே முறுகி, பிறகு பழைய நிலைக்குத் திரும்புகிறது. அதனால்தான் அதற்குக் கிறீஸ் தேவையில்லை. சத்தம் வருகிறது என்று எஞ்சின் ஒயிலோ கிறீஸோ பூசினால் றப்பர் ஊதி, இளகிப் பழுதாகும்.

முன்சில்லுச் செலுத்துகை உள்ள பல கார்களின் கீழ் ஆர்மில் இரண்டு புஷ்கள் இருக்கும். முன் புஷ் இறுக்கமானது. பின் புஷ் பெரியது, அதன் றப்பரில் இடைவெளிகள் விடப்பட்டிருக்கும். புதிதாகப் பார்ப்பவருக்கு அது பழுதாகித் துளை விழுந்ததுபோலத் தோன்றலாம். பிறேக் பிடிக்கும்போதும் கிடங்கில் மோதும்போதும் சில்லு ஒரு துளி பின்வாங்கி அதிர்ச்சியை விழுங்க வேண்டும் என்பதற்காகப் பொறியியலாளர்கள் வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. புஷ்ஷின் மென்மை குறைபாடு அல்ல, காரின் வடிவமைப்பின் ஒரு பகுதி.

மூன்று வகைகள்

ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுபவர்களுக்கு இந்த மென்மைதான் பிரச்சினை. வளைவில் வேகமாகத் திருப்பும்போது றப்பர் நசிந்து சில்லின் கோணம் சற்று மாறுகிறது. ஸ்ரியறிங்கின் பதில் ஒரு கணம் தாமதிக்கிறது. அதனால் அவர்கள் முன் மூன்று தெரிவுகள் இருக்கின்றன.

முதலாவது, நிறுவனம் போட்ட அதே றப்பர். சத்தமும் அதிர்வும் குறைவு, பராமரிப்பு இல்லை. பல வருடங்கள் உழைக்கும். எம்எக்ஸ்-5 1989இல் அறிமுகமானபோது அதன் துல்லியமான கையாளுகைக்காகப் புகழப்பட்டது. அந்தக் கார் றப்பர் புஷ்களோடுதான் வந்தது என்பதை இங்கே நினைவில் வைத்திருக்க வேண்டும். இருபது, முப்பது வருடப் பழைய காரில் "கையாளுகை தளர்ந்துவிட்டது" என்று உணர்பவருக்குத் தேவைப்படுவது பல நேரங்களில் கடினமான புஷ் அல்ல, புதிய றப்பர் புஷ்.

இரண்டாவது, பொலியுரிதேன். கடினத்தன்மையை அளக்கும் ஷோர் ஏ அளவில் கார் றப்பர் பெரும்பாலும் 50 முதல் 70 வரை இருக்கும். பொலி புஷ்கள் 80 முதல் 95 வரை வருகின்றன. ஒயில் பட்டாலும் இலகுவில் கெடாது. ஆனால் இது இரும்போடு ஒட்டவைக்கப்பட்டதல்ல. குழாயின்மேல் வழுக்கிச் சுழல்கிறது. ஆகவே அதற்கெனக் கொடுக்கப்படும் கிறீஸைப் பூச வேண்டும், காலத்துக்குக் காலம் கழற்றி மீண்டும் பூச வேண்டும். தூசும் மணலும் உள்ளே போனால் கிரீச்சிடும், தேயும். இன்னொரு விடயம், சில ஆர்ம்கள் ஒரே நேரத்தில் பல திசைகளில் முறுக வேண்டியவை. அந்த இடத்தில் பொலி போட்டால் அசைவு தடைப்பட்டு, அந்த விசை ஆர்முக்கும் அது பொருந்தியிருக்கும் இடத்துக்கும் போகும்.

மூன்றாவது, முழுக்க உலோகத்தாலான கோள மூட்டு. தளர்வே இல்லை. பந்தயக் காருக்கு அது சரி. பொது வீதியில் ஒவ்வொரு கல்லும் காதில் கேட்கும். மழையும் மணலும் அதைச் சீக்கிரமே அரித்துவிடும்.

இவற்றுக்கு நடுவிலும் ஒரு வழி இருக்கிறது. 1962 முதல் 1980 வரை பிரித்தானியாவில் தயாரிக்கப்பட்ட எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் சாதாரண மொடலில் கீழ் ஆர்முக்கு முழு றப்பர் புஷ்கள் இருந்தன. 1973இல் வந்த வி8 எஞ்சின் மொடலுக்கு நிறுவனமே இரும்புக் கவசமிட்ட, சற்று இறுக்கமான புஷ்களைப் போட்டது. சாதாரண எம்ஜிபி வைத்திருப்பவர்கள் பலர் இன்றும் அந்த வி8 புஷ்ஷையே வாங்கிப் பொருத்துகிறார்கள். இருப்பதில் மிகக் கடினமானதைத் தேடாமல், அதே காரின் பாரமான மொடலுக்கு நிறுவனம் எதைத் தெரிவு செய்தது என்று பார்ப்பது நல்ல அணுகுமுறை.

எங்களுக்கு அந்நியமான கார் என்று எம்ஜிபியை ஒதுக்கவும் முடியாது. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் வேறொரு காருக்காக உருவாக்கிய முன்சில்லு அமைப்புத்தான் எம்ஜி கார்களின் வழியாக எம்ஜிபி வரை வந்தது. இரண்டிலும் ஷொக் அப்சோபரின் கையே மேல் ஆர்மாக வேலை செய்கிறது. மைனரில் போல் ஜொயின்ட்டுக்குப் பதிலாகத் திருகு மரையுள்ள மூட்டு உண்டு. அதற்குக் கிறீஸ் அடிக்க மறந்தால் மரை தேய்ந்து ஒரு நாள் கழன்று, முன்சில்லு மடிந்துவிடும். மைனர் வைத்திருந்த பழையவர்கள் கிறீஸ் துப்பாக்கியை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்ததற்குக் காரணம் இதுதான்.

ஆர்மைத் தெரிவு செய்யும்போது

புஷ்ஷில் தெரிவுகள் பல உண்டு. ஆர்மிலும் போல் ஜொயின்ட்டிலும் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஓடும்போது போல் ஜொயின்ட் கழன்றால் சில்லு மடங்கி, ஸ்ரியறிங் கைவிட்டுப் போகும். ஏ9 வீதியில் பஸ்ஸுக்கு எதிரே அது நடந்தால் ஓட்டுநரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

வளைந்த ஆர்மைச் சூடாக்கி நிமிர்த்துவது, வெடித்த ஆர்மை வெல்ட் செய்வது இரண்டையும் தவிர்க்க வேண்டும். சூடுபட்ட இடத்தில் உலோகத்தின் பலம் மாறிவிடுகிறது. கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் அடுத்த கிடங்கை அது தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அலுமினிய ஆர்ம் என்றால் பேச்சுக்கே இடமில்லை.

கழற்றி விற்கும் பழைய ஆர்ம் மலிவானது. ஆனால் அதிலுள்ள றப்பருக்கும் போல் ஜொயின்ட்டுக்கும் உங்கள் காரின் வயதே இருக்கும். இரும்பு நல்ல நிலையில் இருந்தால் அதை வாங்கிப் புதிய புஷ்ஷும் போல் ஜொயின்ட்டும் போடலாம். சில ஆர்ம்களில் போல் ஜொயின்ட்டைத் தனியாக மாற்ற முடியாது. அப்போது புதிய ஆர்ம் வாங்குவதுதான் ஒரே வழி. கடைக்குப் போகும்போது செஸி இலக்கத்தைக் கொண்டு போங்கள். ஒரே பெயருள்ள காரிலும் வருடத்துக்கு வருடம் ஆர்ம் மாறும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளம், பாரம், வெல்டிங், துளைகளின் இடம் எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள்.

நீளத்தை மாற்றக்கூடிய ஆர்ம்கள் காரின் உயரத்தைக் குறைத்தவர்களுக்கானவை. உயரத்தை மாற்றாத காருக்கு அவற்றால் பயன் இல்லை.

பொருத்தும் முறை

நல்ல புஷ்ஷும் பிழையாகப் பொருத்தினால் சில மாதங்களில் கிழியும். இடைவெளியுள்ள புஷ்ஷில் எந்தப் பக்கம் எந்தத் திசையில் வரவேண்டும் என்ற அடையாளத்தைப் பார்த்தே அழுத்த வேண்டும். சுத்தியலால் அடிக்காமல் ஹைட்ரோலிக் பிறஸ்ஸில் அழுத்த வேண்டும். இலகுவாகப் போவதற்குச் சவர்க்காரத் தண்ணீர் போதும்.

அதிகம் தவறவிடப்படுவது இன்னொன்று. காரை ஜக்கில் தூக்கி, சில்லு தொங்கும் நிலையிலேயே புஷ் போல்ட்டை இறுக்கிவிடுவது. அப்படிச் செய்தால் காரை இறக்கிய கணத்திலிருந்தே றப்பர் முறுகிய நிலையில் இருக்கும். போல்ட்டைத் தளர்வாகப் போட்டு, காரின் பாரம் சில்லில் இறங்கிய பிறகே இறுதியாக இறுக்க வேண்டும். பொலி புஷ் வழுக்கிச் சுழல்வதால் அதற்கு இந்தப் பிரச்சினை இல்லை. எதைப் போட்டாலும் பிறகு வீல் அலைன்மன்ட் கட்டாயம். எம்எக்ஸ்-5இல் அலைன்மன்ட் சரிசெய்யும் நீண்ட போல்ட்கள் புஷ் குழாயோடு துருப்பிடித்து இறுகிப்போவது வழக்கம். கடற்காற்று அடிக்கும் எங்கள் ஊர்களில் எந்தக் காருக்கும் இது வரலாம். புஷ் வாங்கும்போது போல்ட்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நீங்களே பார்க்கக்கூடியவை

பிறேக் பிடிக்கும்போது "டொக்" என்ற சத்தம், கார் ஒரு பக்கம் இழுப்பது, ரயரின் உள்விளிம்பு மட்டும் தேய்வது, அலைன்மன்ட் செய்தும் நிலைக்காமல் போவது ஆகியவை புஷ் பழுதானதன் வழமையான அறிகுறிகள்.

முன்சில்லைத் தூக்கி, காரின் கீழே ஸ்ராண்ட் வைத்து, சில்லின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிறேக் மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பெயாரிங்கைச் சந்தேகிக்கலாம். நிற்காவிட்டால் போல் ஜொயின்ட்டையோ புஷ்ஷையோ பார்க்க வேண்டும். சில கார்களில் ஸ்பிறிங்கின் அழுத்தம் போல் ஜொயின்ட்டின் ஆட்டத்தை மறைத்துவிடும். ஆகவே கராஜில் ஒரு கம்பியால் நெம்பியும் பார்க்கச் சொல்லுங்கள்.

கையில் இருக்கும் காசு எல்லாவற்றுக்கும் போதாது என்றால் முதலில் போல் ஜொயின்ட், அடுத்து வெடித்த அல்லது வளைந்த ஆர்ம், பிறகு கிழிந்த புஷ் என்ற ஒழுங்கில் செலவழியுங்கள். வெளிநாட்டு உறவினர் ஏதாவது அனுப்பக் கேட்டால், பொலி புஷ்ஷை விட, செஸி இலக்கத்துக்குப் பொருந்தும் போல் ஜொயின்ட்டையும் றப்பர் புஷ்ஷையும் கேளுங்கள். பிள்ளைகளைப் பாடசாலைக்கும் அம்மாவைக் கிளினிக்குக்கும் கொண்டுபோகும் காருக்குத் தேவை அவைதான்.