எலியின் பாதத்தில் தொடங்கிய சிகிச்சை

ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் தொழிலாளி ஒருவர், முதுகில் உணர்ச்சியற்ற தேமலோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறார் என்று வையுங்கள். தொழுநோய் என்று உறுதியானால் கூட்டு மருந்து அட்டை இலவசமாகக் கிடைக்கும். ஆறு மாதமோ ஓராண்டோ தவறாமல் சாப்பிட்டால் நோய் குணமாகிவிடும். அந்த அட்டையில் எந்தெந்த மருந்துகள் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்ததில் சுண்டெலிக்குப் பெரும் பங்கு உண்டு.

தொழுநோய்க் கிருமியை நார்வே மருத்துவர் ஹான்சன் 1873-இல் கண்டறிந்தார். ஆனால் அதை ஆய்வகத் தட்டில் வளர்க்க இன்றுவரை யாராலும் முடியவில்லை. வளர்க்க முடியாத கிருமியின் மீது மருந்தை எப்படிச் சோதிப்பது?

1960-இல் அமெரிக்க ஆய்வாளர் சார்லஸ் ஷெப்பர்ட் விடை கண்டார். இந்தக் கிருமிக்குக் குளிர்ச்சியான இடம்தான் பிடிக்கும். மனிதரிலும் காது மடல், மூக்கு, கை கால்களையே அதிகம் தாக்கும். எலியின் உடலில் பாதம் அப்படிப்பட்ட இடம். சில ஆயிரம் கிருமிகளை அங்கே ஊசியால் செலுத்தி, மாதக்கணக்கில் காத்திருந்தார். அவை லட்சக்கணக்கில் பெருகியிருந்தன. ஒரு கிருமி இரண்டாகப் பிரியவே ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும் என்பதால்தான் அத்தனை காத்திருப்பு.

கரிகிரியும் செங்கல்பட்டும்

கிருஷ்ணகிரியிலிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகப் போனால் வேலூருக்கு அருகே கரிகிரி. அங்குள்ள தொழுநோய் ஆய்வு மையமும், செங்கல்பட்டில் மத்திய அரசு நடத்தும் ஆராய்ச்சி நிறுவனமும் 1955-இல் தொடங்கப்பட்டவை. இரண்டிலும் இந்த எலிப் பாதச் சோதனை நடந்தது.

நோயாளியின் தோலில் சிறு துண்டெடுத்து, அதிலுள்ள கிருமிகளை எலிகளுக்குச் செலுத்துவார்கள். ஒரு பிரிவு எலிகளுக்கு, தொழுநோய்க்குத் தரப்படும் டாப்சோன் மருந்து கலந்த தீவனம். மறு பிரிவுக்கு வெறும் தீவனம். டாப்சோன் தின்ற எலியிலும் கிருமி பெருகினால் மருந்து தோற்றுவிட்டது என்று பொருள். மலேசியாவில் 1964-இல் இப்படித்தான் டாப்சோன் எதிர்ப்பு முதன்முதலில் நிரூபணமானது. ரிஃபாம்பிசின் என்ற இன்னொரு மருந்து கிருமியை எவ்வளவு வேகமாகக் கொல்கிறது என்பதையும் எலிகளே காட்டின. ஒற்றை மருந்தை நம்பக் கூடாது என்று தெளிந்த உலக சுகாதார நிறுவனம், 1981-இல் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது.

எலி சொல்லாதவை

நோயாளியின் விரல்களை மடக்கிப்போடும் நரம்புச் சேதம் சாதாரண எலிக்கு அதே விதமாக வருவதில்லை. அந்தச் சேதத்தை ஆராய விஞ்ஞானிகள் அர்மடில்லோ என்ற விலங்கை நாட வேண்டியிருந்தது. எலி ஒரு மாதிரிதான். மனிதருக்கு முழு மாற்று ஆகாது.

மருந்து எதிர்ப்பை இன்று கிருமியின் மரபணுவைப் படித்தே விரைவில் சொல்லிவிடலாம். விலங்கின்றிச் செய்யக்கூடிய சோதனைக்கு விலங்கைப் பயன்படுத்துவது நியாயமில்லை. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் மாற்று வழி இருந்தால் அதையே நாடச் சொல்கிறது. ஒரு புது மருந்து உயிருள்ள கிருமியைக் கொல்கிறதா என்று அறிய எலி இன்னும் தேவைப்படலாம். அங்கும் வலியும் எண்ணிக்கையும் குறைந்தபட்சமாக இருக்க வேண்டும்.

தொழுநோய்க் கிருமி உடலில் புகுந்து அறிகுறி காட்டச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் ஆகும். பல மாநிலத்தவர் வேலை தேடி வந்து தங்கும் ஓசூர் போன்ற ஊரில், நோயை எங்கிருந்து யார் கொண்டுவந்தார் என்று விரல் நீட்டுவதில் பயனில்லை. உங்கள் உடலிலோ, பக்கத்து அறைத் தோழர் உடலிலோ தொட்டால் உணர்ச்சி தெரியாத தேமல் இருந்தால், மறைக்காமல் இந்த வாரமே அரசு சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.