தொழிலும் வாழ்வின் பயனும்: ‘இக்கிகாய்’க் கருத்தும் சல்லிக் கடற்கரையும்

வாழ்வதன் பயன் யாது என்னும் வினா சமயத்திற்கும் தத்துவத்திற்கும் மட்டும் உரியதன்று. உழைப்பின் வரலாற்றோடும் அது பிணைந்துள்ளது. யப்பானியர் இப்பயனை ‘இக்கிகாய்’ என்பர். ‘இக்கி’ வாழ்தலையும், ‘காய்’ பயன் அல்லது மதிப்பையும் குறிக்கும். விருப்பம், திறமை, உலகின் தேவை, ஊதியம் ஆகிய நான்கு வட்டங்கள் கூடுமிடமே இக்கிகாய் என இன்று பரவலாகக் காட்டப்படுகின்றது. அவ்வரைபடம் யப்பானில் தோன்றியதன்று. 2014 இல் மேலைநாட்டவர் ஒருவர், ஏற்கெனவே வழங்கிய வேறொரு வரைபடத்தின் நடுவில் இச்சொல்லை இட்டமையாற் பிறந்தது.

இக்கருத்தை முதன்முதல் விரிவாக ஆராய்ந்தவர்களுள் தலையாயவர் உளமருத்துவர் மியெக்கோ கமியா (1914–1979). நாகஷிமாத் தீவிலுள்ள தொழுநோயாளர் நிலையத்திற் பணியாற்றிய அவர், 1966 இல் இதுபற்றிய நூலை வெளியிட்டார். ஒரே நோயும் ஒரே தனிமையும் வாய்த்தோருள் சிலர் வாழ்வில் நிறைவு கண்டதும், சிலர் வெறுமையில் அமிழ்ந்ததும் ஏன் என்பதே அவர் எழுப்பிய வினா. வாழ்வுக்குப் பயன் தரும் பொருள் வேறு, அதனால் விளையும் உணர்வு வேறு என அவர் பகுத்தமை கருதத்தக்கது. ஊதியம் அவரது பகுப்பில் இன்றியமையாத உறுப்பன்று.

ஆயினும், இதனைத் தனிமனித உளப்பாங்காக மட்டுமே கொள்ளல் பொருந்தாது. மியாகி மாகாணத்தின் ஒசாகிப் பகுதியில் 43,391 பேரை ஏழாண்டுகள் தொடர்ந்து நோக்கிய ஆய்வு 2008 இல் வெளிவந்தது. இக்கிகாய் இல்லை என்றோரிடையே இறப்பு வீதம் கூடியிருந்தது. அவர்களுள் வேலையற்றோரும் கல்வி குறைந்தோரும் மிகுந்திருந்தனர் என்பதும் அவ்வாய்வின் முடிபே. வாழ்வின் பயனை உணரும் வாய்ப்பும் சமுதாயத்தில் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பது இதனாற் புலனாகும்.

இந்நோக்கில் நம் கடற்கரைக்கு வருவோம். திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவுப் பகுதியில் அமைந்த கடலோரக் கிராமம் சல்லி. முத்துமாரியம்மன் கோயிலால் அறியப்பட்ட ஊர். ‘சல்லி’ என்பது நம் வழக்கிற் சில்லறைக் காசையும் குறிக்கும். ஆனால், கடலோடிகள் தம் உழைப்பைக் காசின் பெயரால் வழங்குவதில்லை. ‘தொழிலுக்குப் போதல்’ என்றாலே அவர்க்குக் கடலுக்குப் போதல்தான். வேறு அடைமொழி வேண்டாத அச்சொல்லில் பிழைப்பும் திறனும் தன்மதிப்பும் ஒருங்கே அடங்கியுள்ளன.

கீழைக்கரையின் கரைவலைத் தொழில் இதற்குத் தக்க சான்று. கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் நிறுத்தித் தோணி வலையை அரைவட்டமாக வளைக்கும். இருபுறமும் அணிவகுத்தோர் ஒரே வேகத்தில் இழுப்பர். அந்த ஒத்திசைவைக் காத்தவை அம்பாப் பாடல்கள். வலைக்கும் தோணிக்கும் உரிய பகுதி கழிந்தபின் எஞ்சியது பங்காகும். முற்பணக் கடனால் உழைப்போர் வலையுடையோரிடம் கட்டுண்டிருந்தனர் என்பதை மறைத்து இதனைப் பொற்காலமாக வருணித்தல் தவறு. எனினும், கூட்டுழைப்பில் தன் கை வேண்டப்படுகின்றது என்னும் உணர்வு அங்கு மெய்யானது.

அவ்வுணர்வின் அடிப்படை பலமுறை தகர்ந்தது. 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில் பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் வடகிழக்குக் கடலை மறித்தன. 2004 திசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை திருகோணமலைக் கரையோரத்தைத் தாக்கியது. பின்னர் கரைகள் சிலவற்றில் உழவு இயந்திரத்திற் பூட்டிய சுழலி வலையை இழுக்கலாயிற்று. உடல்வருத்தம் குறைவது நன்றே. ஆனால், தேவைப்படாத கைகளின் பங்கு எவரிடம் சேர்கின்றது?

உழைப்பின் விளைவும் உழைக்கும் முறையும் உழைப்பவனின் பிடியிலிருந்து நழுவுவதையே மார்க்ஸ் ‘அந்நியமாதல்’ என்றார். கடலும் வலையும் பங்கும் இழந்தவனிடம் உள்ளத்துள்ளே பயனைத் தேடுமாறு கூறுவது அறிவுரையன்று, ஏய்ப்பு. ஆகவே, அம்பாப் பாடல்களைத் தொகுக்கும் நம் ஆய்வாளர், அவற்றைப் பாடியோரின் பங்கீட்டு முறையையும் கடன் கணக்கையும் உடன்வைத்து ஆராய்தல் வேண்டும்.